ஒட்டும் ஸ்டென்சிலில் உருமறைப்பு: ட்ரைபாட், ஹூட், பெட்டி

பறவைப் படம் எடுப்பவர்களின் சாமான் எல்லாம் கருப்பாகத்தான் வருகிறது. இலையும் சருகும் உள்ள இடத்தில் நேர்கோடான மூன்று கருப்புக் கால்கள் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். வெயிலில் சூடாவது வேறு. அதனால் ஒட்டும் வினைல் ஸ்டென்சில் (பெயிண்ட் படாமல் மூடிவைக்கும், வடிவமாக வெட்டிய தாள்) தொகுப்பு ஒன்றை வாங்கி, ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி), லென்ஸ் ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பு), பிளாஸ்டிக் பெட்டி மூன்றுக்கும் மணல், பச்சை, பழுப்பு என மூன்று நிறம் அடித்தேன். எனக்கு முழுத் திருப்தி. ஆனால் இது எல்லாருக்கும் ஏற்ற பொருள் இல்லை.

தாளில் இருப்பவை ஓரம் வளைந்த திட்டுகள். 1981-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட உட்லேண்ட் என்ற காட்டு உருமறைப்பு வடிவத்தின் சாயல். பெரியது, சிறியது என இரண்டு அளவில் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்க முதல் காரணமே அதுதான். ட்ரைபாட் கால் மூன்று செ.மீ. தடிமன்கூட இருக்காது. அதில் பெரிய திட்டை ஒட்டினால் சுற்றி வந்து வளையமாகிவிடும். பட்டை பட்டையாக இன்னும் எடுப்பாகத் தெரியும். சிறிய திட்டைப் பெட்டி முழுக்க ஒட்டினாலோ, பத்தடி தள்ளிப் பார்க்கும்போது எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். உருவத்தின் விளிம்பை உடைக்கத்தானே இத்தனை பாடும்? காலுக்குச் சிறியது, பெட்டிக்குப் பெரியது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வேலை முறை தலைகீழானது. எந்த இடத்தை மூடுகிறோமோ அந்த இடத்து நிறம்தான் கடைசியில் மிஞ்சும். முதலில் முழுக்க மணல் நிறம். மணல் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஸ்டென்சில் ஒட்டிவிட்டுப் பச்சை. பச்சை நிற்க வேண்டிய இடங்களில் ஒட்டிவிட்டுப் பழுப்பு. அப்புறம் எல்லாவற்றையும் உரிக்க வேண்டும். கூட வரும் குறிப்பில் இதை இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். புதிதாகச் செய்பவருக்கு அது போதவே போதாது, ஒரு படமாவது போட்டிருக்கலாம்.

பசை அருமை. வளைவான ஹூட்டில்கூட ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி நகத்தால் ஓரத்தைத் தேய்த்தால் படிந்துவிடுகிறது. ஓரத்தில் பெயிண்ட் கசியாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஸ்டென்சில் ஒட்டியதும், அடியில் உள்ள அதே நிறத்தையே மேலே ஒரு முறை மெல்லியதாக அடித்துக் காயவிடுங்கள். கசிந்தாலும் அதே நிறம்தான் கசியும், இடுக்கும் அடைபட்டுவிடும். அதன் பிறகு அடுத்த நிறம், 25 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிய பூச்சுகளாக. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், ஆனால் முழுக்க இறுகும் முன், தாளைப் பின்பக்கமாக மடித்துப் படுக்கவாட்டில் உரிக்க வேண்டும். பழுப்புத் தோல் சுருண்டு வர, அடியிலிருந்து மணல் திட்டு கூர்மையான ஓரத்தோடு வெளிவருவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! கனமாக அடித்திருந்தால் மட்டும் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு நின்றுவிடும்.

குறை என்றால், ஒரு தடவைதான் பயன்படும். உரித்த துண்டில் பெயிண்ட் பொருக்கு கட்டி, பசையும் போய்விடுகிறது. மைலார் (பசையில்லாத கெட்டி பிளாஸ்டிக்) தாள் ஸ்டென்சிலைத் திரும்பத் திரும்ப வைத்து அடிக்கலாம். ஓரம் மங்கலாக வரும், தட்டையான பெட்டிக்கு அது அழகாகவே இருக்கும். உருண்டையான காலில் அது நிற்காது. பெட்டி மட்டும்தான் உங்கள் வேலை என்றால் மைலாரே போதும்.

ஒட்டுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். பெட்டியை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். பெட்டி பாலிபுரொப்பிலீன் என்றால் அதற்கான பிளாஸ்டிக் பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் பெயிண்ட் ஏடாக உரிந்துவிடும். ட்ரைபாடில் மேல் பகுதிக்கு மட்டும் அடியுங்கள். உள்ளே நுழையும் கீழ்ப்பகுதிகளில் பெயிண்ட் ஏறினால் பூட்டு இறுகிக்கொள்ளும்.

ஹூட்டின் அடிப்பக்கத்தில் மணல் நிறத்தை அதிகம் விட்டேன். மேலிருந்து வரும் ஒளியால் எந்தப் பொருளின் அடிப்பக்கமும் நிழலாகும். அதை ஈடுகட்டத்தான் பல விலங்குகளின் வயிறு வெளுத்திருக்கிறது என்று அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896-இல் எழுதினார். மான் வயிற்றைப் பாருங்கள், புரியும்.

கடைசிப் பூச்சு கட்டாயம் மேட் கிளியராக (மினுமினுப்பில்லாத, நிறமற்ற பூச்சாக) இருக்கட்டும். பளபளப்பு இருந்தால் எந்த வடிவமும் காப்பாற்றாது. கையை வேகமாக அசைத்தாலும் அப்படித்தான், பறவை முதலில் கவனிப்பது அசைவைத்தான். லென்ஸ் உடல்மீது மட்டும் பெயிண்ட் வேண்டாம். சுழலும் வளையங்களின் இடுக்கில் இறங்கிவிடும்; அதற்குத் துணி உறை போட்டுக்கொள்ளுங்கள்.