நிணநீர் வீக்கத்துக்கு எது உதவும்: மசாஜா, கட்டா, பம்பா?

கையிலோ காலிலோ நிணநீர் (திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோகும் திரவம், lymph) தேங்கி வீங்கினால் பலரும் முதலில் கேட்பது "மசாஜ் பண்ணினால் வடியுமா?" என்பதைத்தான். வடியும். ஆனால் வடிந்தது திரும்ப வந்து சேராமல் தடுக்க மசாஜ் மட்டும் போதாது, கை கால் வீக்கத்துக்கு அழுத்தக் கட்டுதான் முதல் துணை என்பது என் கட்சி.

முதலில் மசாஜ். தசையை அமுக்கிப் பிசைகிற வேலையே இதில் கிடையாது. 1930-களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் மனைவி எஸ்ட்ரிடும் உருவாக்கிய முறையில் எண்ணெய்கூட வேண்டாம், கை தோலின் மேல் வழுக்கக் கூடாது, தோலையே மெல்ல இழுத்து விட வேண்டும். தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் நிணநீர் நுண்குழல்கள் சுற்றியுள்ள திசுவோடு மெல்லிய இழைகளால் கட்டப்பட்டிருக்கின்றன, தோல் இழுபடும்போது அவை வாய் திறந்து நீரை உள்ளே எடுத்துக்கொள்கின்றன, அதனால் பலமாக அமுக்குவதில் லாபம் எதுவும் இல்லை.

வரிசையும் முக்கியம். வீங்கிய இடத்தில் ஆரம்பிக்கக் கூடாது. நிணநீர் கடைசியில் ரத்தத்தில் கலப்பது காறை எலும்புக்குப் பின்னால் உள்ள சிரைகளில் என்பதால் கழுத்தில் தொடங்கி, அக்குள் அல்லது தொடை இடுக்கு, அப்புறம் மேற்கை, விரல்கள் கடைசியில்தான். முன்னால் வழி அடைத்திருக்கும்போது பின்னாலிருந்து தள்ளி என்ன பயன்? மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை) எடுத்தவர்களுக்கு எதிர்ப்பக்க அக்குளுக்கோ அதே பக்கத் தொடை இடுக்குக்கோ நீரைத் திருப்பிவிடுவார்கள். இதைப் பயிற்சி பெற்ற தெரபிஸ்டிடம் ஒருமுறையாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள், வீடியோ பார்த்து மட்டும் செய்வது சரி வராது.

அடுத்து அழுத்தக் கட்டு. நன்றாக இழுபடும் சாதாரண கிரேப் பேண்டேஜ் இதற்கு ஆகாது, அதிகம் நீளாத வகைதான் வேண்டும். சும்மா இருக்கும்போது அதன் அழுத்தம் குறைவு, நடக்கும்போது தசை புடைத்துக் கட்டில் மோத உள்ளே அழுத்தம் கூடி நீர் மேலே ஏறும். தொல்லைதான்: வேர்க்கும், அரிக்கும், செருப்பு நுழையாது, பல நாள் இரவு பகலாகப் போட்டிருக்க வேண்டும். வீக்கம் குறைந்த பிறகு அளவெடுத்த அழுத்தக் காலுறைக்கோ கை முழுக்க மூடும் அழுத்த உறைக்கோ மாறலாம். இவ்வளவு தொல்லைக்கும் பலன் உண்டு. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கம் பற்றிய 2015 கோக்ரேன் அலசலில் (பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்க்கும் ஆய்வு), கட்டு மட்டும் போட்டவர்களுக்கே வீக்கம் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, மசாஜையும் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது 7 சதவீதம் போல. அந்தக் கூடுதலும் லேசான, மிதமான வீக்கத்தில்தான் நன்றாகத் தெரிந்தது.

அதற்காக மசாஜை ஒதுக்கிவிட வேண்டாம். முகம், கழுத்து, மார்பகம் போன்ற இடங்களில் இறுக்கிக் கட்டுவது கடினம், அங்கே மசாஜ்தான் முக்கியக் கருவி.

காற்று பம்ப், அதாவது காற்று நிரம்பி நிரம்பிக் கையையோ காலையோ அமுக்கும் உறை, குனியவோ கை எட்டவோ முடியாதவர்களுக்கு வசதி. ஆனால் தேங்கிய நிணநீரில் புரதமும் இருக்கும், பம்ப் நீரை நகர்த்தும் அளவுக்கு அந்தப் புரதத்தை நகர்த்தாது, சில சமயம் தள்ளிய நீர் தொடையின் மேல்பகுதியிலோ பிறப்புறுப்பிலோ போய்த் தேங்கும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்ப வேண்டாம். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை? அது நீரை மட்டும் இறக்கும், புரதம் திசுவிலேயே தங்கிவிடுவதால் நிணநீர் வீக்கத்துக்கு அது மருந்தே அல்ல.

உடற்பயிற்சிக்கு மட்டும் போட்டியே இல்லை, எதோடும் சேரும். எடை தூக்கினால் கை வீக்கம் மோசமாகும் என்ற பயத்தை 2009-ல் வெளியான ஒரு பெரிய சோதனை போக்கியது: கையில் அழுத்த உறை போட்டு, சிறிய எடையில் ஆரம்பித்து மெல்லக் கூட்டிய பெண்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை.

எதைத் தேர்ந்தாலும் ஒன்று. தோல் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது தொற்று, மசாஜை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வலியோடு வீங்கினால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதையும் தள்ளிப்போடக் கூடாது. இதயம் பலவீனமானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மசாஜோ கட்டோ பம்போ எதையும் தொடங்க வேண்டாம், காலில் இருந்து கிளம்பும் நீர் அத்தனையும் இதயத்துக்குத்தான் போய்ச் சேரும்.