முகாம் இல்லாத கோடை: ஏலகிரியா, வேலூரா?

ஆண்டுதோறும் மே மாதத்தில் ஏலகிரியில் நடந்து வந்த எங்கள் கோடை முகாம் இவ்வாண்டு ரத்தாகிவிட்டதால், வழக்கமாக வருவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன: நான்கைந்து பேராகச் சேர்ந்து நாமே மலையேறுவது, அல்லது வேலூரிலேயே மாலை நேரங்களில் ஒன்றுகூடுவது.

மலையின் குளிர்ச்சிக்கு ஈடே கிடையாது. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டித் தகிக்கும்போது, 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறி, சாலையோரத்தில் அறுத்து வைத்திருக்கும் பலாச்சுளையின் மணம் வண்டிக்குள் வந்ததுமே உடம்பு இலேசாகிவிடுகிறது. ஆனால், சொந்தமாக அறை எடுத்துத் தங்க வசதியுள்ளவர்களால் மட்டுமே அப்படிப் போக முடியும். முகாமின் பொதுச் சமையலையும் பொதுத் தங்கலையும் நம்பி வந்த முதியவர்கள் விடுபட்டுப் போவார்கள் என்பதே என் பெரிய வருத்தம்.

வேலூரில் இரவிலும் புழுக்கம் அடங்காது, உண்மைதான். எனினும் வெயில் தாழ்ந்தபின் கோட்டைப் பக்கம் அனைவரும் கூடி, தூக்குச் சட்டிகளில் கொண்டுவந்த புளிசோற்றைப் பகிர்ந்துண்டு, 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியைப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் எடுத்துச் சொல்வதற்குப் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் செலவில்லை. முகாமில் நாம் விரும்பியது மலையை மட்டுமல்ல, ஒருவரையொருவர் பார்ப்பதையும்தான். ஆகவே இவ்வாண்டு நான் வேலூரையே பரிந்துரைக்கிறேன். மலைக்குப் போயே ஆகவேண்டும் என்போர், கூட்டம் மிகுந்த வார இறுதியைத் தவிர்த்து வார நாளில் செல்லலாம்.