நுவரெலியாவிலிருந்து கல்லடி வரை: இறக்கம் என்று நம்பிப் போன பாதை

மலையகத்தைச் சேர்ந்த சிறிய குழு ஒன்று, நுவரெலியாவில் தொடங்கி மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் முடியும் சைக்கிள் பந்தயப் பாதை ஒன்றை நடத்தி வருகிறது. கட்டணம் செலுத்தியவர்களுக்குப் பாதை வரைபடம், நேரப் பதிவு, பின்தொடரும் உதவி வாகனம், வழியில் மூன்று இடங்களில் தண்ணீரும் உணவும் கிடைக்கும் என்பது அவர்களுடைய வாக்குறுதி. கடந்த ஜூலை மாதம் நானும் அதில் கலந்துகொண்டேன்.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல்மட்டத்துக்குப் போவதென்றால் பாதி வேலையை மலையே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. புறப்படும் இடத்தில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா, "கடலுக்கா போறீங்க? இறக்கந்தானே தம்பி, மிதிக்கவே தேவையில்ல" என்று சிரித்தார். அதிகாலை ஐந்தரை மணிக்கு எனக்கும் அதில் மறுப்பு இருக்கவில்லை.

பாதையின் முதல் பகுதி அவ்வளவு அழகாக அமைந்திருப்பதுதான் இந்த ஏமாற்றத்துக்குக் காரணம். சீதாஎலிய கோவிலைக் கடந்து ஹக்கலையை அடையும்வரை மூடுபனியும் சாரலும் விடவில்லை. பிரேக்கைப் பிடித்த விரல்கள் மரத்துப்போய், பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைச் சக்கரத்தின் சத்தத்தைக் கொண்டே அறிய வேண்டியிருந்தது. ஹக்கலைப் பூங்காவைத் தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும் மழை நின்றது. சாரல் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்து நிற்கவில்லை, கதவைச் சாத்தியதுபோல நின்றது. தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளில் தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு ஊவாப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை, மழையங்கியைக் கழற்றிக்கொண்டே பார்க்கும் வாய்ப்பு இந்த வீதியில் கிடைக்கிறது. பந்தயக்காரரின் கண்ணோடு பார்த்தால் இது முக்கியமான விடயம்: ஈரமான வீதிக்கும் காய்ந்த வீதிக்கும் டயரின் காற்றழுத்தம் வேறாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே இறக்கத்துக்குள் வருகின்றன. சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் உள்ளவர்கள் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கக் கூடாது. விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கும் அபாயம் உண்டு. வளைவுக்கு முன்னால் பலமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். இதை ஏற்பாட்டாளர்கள் முதல்நாள் மாலையே தெளிவாகச் சொல்லித் தந்தார்கள்; அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிய லொறிகளுக்குப் பின்னால் சிறிது நேரம் காத்திருந்ததைத் தவிர, ஹாலி-எல வரை சொல்வதற்கு அதிகமில்லை. பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கு வந்து சேரும்போது உயரத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டோம். தூரத்திலோ ஏறக்குறைய கால்வாசிதான் முடிந்திருக்கிறது. இந்தக் கணக்கை நான் பதுளையில் நின்றுதான் போட்டுப் பார்த்தேன்.

உண்மையான பந்தயம் பதுளை–செங்கலடி வீதியில்தான் தொடங்குகிறது. நகரத்தை விட்டதும் நமுனுகுல மலைப்பக்கத்துச் சரிவுகளில் வீதி மறுபடியும் ஏறுகிறது. எந்த ஓரிடத்திலும் மூச்சை நிறுத்தும் செங்குத்து இல்லை. ஆனால் முடிந்துவிட்டது என்று நினைக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கு அப்பாலும் இன்னொரு தேயிலை மலையும் இன்னொரு லயத்து வரிசையும் தெரிகின்றன. பசறைக்கு முன்னால் ஒரு வளைவில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்திருந்த பெண்கள் என் மிதியைப் பார்த்துவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் இதைவிடச் சுருக்காகப் போகலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது சரி. முன்பல்லில் 34, பின்பல்லில் 28 என்ற கியரோடு போனது என் தவறு. ஏற்றத்தில் மிதியை இலகுவாக்கும் 32 அல்லது 34 பற்கள் கொண்ட பின்பல் இல்லாமல் இந்தப் பகுதிக்கு யாரும் வர வேண்டாம்.

பசறையிலிருந்து லுணுகலை வரையிலான பகுதியே முழுப் பாதையிலும் சிறந்தது, அதேவேளை மிகுந்த கவனம் வேண்டியது. ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வருவதால் முன்னே போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்துகொண்டு குழுவாகப் போக முடியாது. பலமுள்ளவர் முன்னே போய்விடுவார். ஆனால் வீதியின் ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்ததை இப்பக்கத்தில் எவரும் மறக்கவில்லை. வாகனங்களை நிறுத்தாமல் திறந்த வீதியில் இவ்விடத்துக்கும் நேரப் பதிவு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இறக்கங்களின் நேரத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு ஏற்றங்களை மட்டும் பதியலாம்.

பிபிலைக்குப் பிறகு பாதையின் குணம் முற்றிலும் மாறுகிறது. கடையோரத்தில் வாங்கிய தோடம்பழத்தை உரித்துத் தின்ற பத்து நிமிடங்களே அன்றைய நாளின் கடைசி நிழல். அங்கிருந்து கல்லடி வரை இன்னும் 100 கிலோமீற்றர் அளவு, அநேகமாகச் சமதரை, முன்னால் நீளும் நேர் வீதி, ஜூலை மாதத்துக் கச்சான் காற்று. மேற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் இக்காற்று முதுகில் தள்ளுவது உதவிதான். ஆனால் காற்றோடு காற்றாகப் போகும்போது உடம்பில் வியர்வையை ஆற்ற எதுவும் படுவதில்லை. காலையில் விரல் மரத்த அதே உடம்பு, மதியம் அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோலக் காய்ந்தது. மகாஓயாவில் இருக்க வேண்டிய மூன்றாவது தண்ணீர் நிலையம் அங்கே இல்லை. உதவி வாகனம் முன்னணிக் குழுவோடு போய்விட்டது என்று தொலைபேசியில் பதில் வந்தது. கடையில் தண்ணீர் வாங்க எனக்குப் பணம் இருந்தது. என்னோடு வந்த இளைஞரிடம் இருக்கவில்லை. யானை நடமாடும் வீதியில் பின்தங்கியவர்களை விட்டுவிட்டு முன்னே போகும் வாகனத்துக்கு உதவி வாகனம் என்ற பெயர் பொருந்தாது.

பந்தயப் பாதை என்ற வகையிலும் இந்தக் கடைசிப் பகுதியில் குறை உண்டு. லுணுகலை மலையில் மூன்று நிமிடம் முந்தியவரை, சமதரையில் முறைவைத்து முன்னே வந்து காற்றை வாங்கிக்கொண்டு மற்றவர்களை இழுக்கும் பத்துப் பேர் செங்கலடிக்கு முன்பே பிடித்துவிடுவார்கள். இத்தாலியில் 1907 முதல் நடைபெறும் மிலான்–சான் ரெமோ பந்தயத்திலும் இதே சிக்கல் எழுந்தது. முடிவில் எப்போதும் கடைசிப் பாய்ச்சலில் வல்ல வேக ஓட்டக்காரர்களே வென்றுவிடாமல் இருக்க, கடலோரத்தில் 1960இல் பொஜ்ஜியோ மேட்டையும் 1982இல் சிப்ரெஸ்ஸா மேட்டையும் பாதையில் சேர்த்தார்கள். மட்டக்களப்பில் சேர்ப்பதற்கு மேடு எங்கே இருக்கிறது? செங்கலடியில் வலப்பக்கம் திரும்பி, காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு ஏறாவூரைக் கடந்தால், எஞ்சியிருக்கும் ஒரே ஏற்றம் கல்லடிப் பாலம்தான். ஆகவே முதல்நாள் பிபிலையில் முடித்து, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் தனித்தனியாக நேரம் பார்த்து ஓடவிடுவதே முறையான ஏற்பாடாக இருக்கும்.

மாலை நாலரை மணிக்கு நான் கல்லடி மணலில் சைக்கிளைச் சாய்த்தபோது நேரம் பதிபவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டதும் மறுக்காமல் மறுபடி அவிழ்த்துப் பதிந்து தந்தார்கள். அடுத்த வருடமும் பதிவு செய்வேன். ஆனால் பிபிலையோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத் தூரத்துக்கு மட்டக்களப்பு பஸ்ஸின் கூரையில் சைக்கிளைக் கட்டிவிடுவதாக உத்தேசம்.