காரில் பள்ளம் (டென்ட்): நாமே எடுப்பதா, டிங்கரிங் கடையா?

பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டுப் போயிருப்பார்கள். கதவில் ஒரு பள்ளம். முதலில் அந்த இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறதா, கூரான மடிப்பு விழுந்திருக்கிறதா? பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

செலவு
வீட்டில்: உறிஞ்சி இழுக்கும் ரப்பர் கப் சில நூறு ரூபாய். பம்பருக்கு வெந்நீரே போதும்.
கடையில்: டிங்கரிங், பட்டி, பெயின்ட் என ஒரு கதவுக்கே சில ஆயிரம்.

பலன்
வீட்டில்: பிளாஸ்டிக் பம்பர் சூட்டில் இளகும். வெந்நீர் ஊற்றி, கையுறை போட்டு உள்பக்கமிருந்து தள்ளினால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். தகரத்தில் இது நடக்காது. அகலமான, ஆழமில்லாத பள்ளத்தை மட்டும் கப் இழுக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் தகரமே நீண்டுவிட்டது. இழுத்தாலும் மேடு பள்ளமாக நிற்கும். தயவுசெய்து சுத்தியலை எடுக்காதீர்கள், பெயின்ட்டும் போய்விடும்.
கடையில்: பெயின்ட் போகாத பள்ளம் என்றால் பிடிஆர் (பெயின்ட் அடிக்காமலே பள்ளம் எடுக்கும் முறை) செய்வார்களா என்று கேளுங்கள். உள்ளே கம்பி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புவார்கள். பட்டி வேண்டாம், கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

அப்புறம் இன்சூரன்ஸ். கிளெய்ம் செய்யாமல் இருந்தால், சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் நோ கிளெய்ம் போனஸ் என்று 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. சின்னப் பள்ளத்துக்காக அதை இழக்க வேண்டாம்.

பம்பர், லேசான பள்ளம் என்றால் வீட்டிலேயே பாருங்கள். மடிப்பு, கதவு ஓரம், விரிசல் விட்ட பெயின்ட் என்றால் கடைதான். அதுவும் துருப்பிடிக்கும் முன், மழைக்காலத்துக்குள்.