பதினாறு சீசன் ஓடிய மஞ்சள்

"ஜடேஜாவையே கொடுத்துட்டாங்க, இன்னுமா சிஎஸ்கே?" 2025 நவம்பரில் ராஜஸ்தானுடன் நடந்த வீரர் மாற்றத்துக்குப் பிறகு சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் ஜெர்சி போட்ட எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. சஞ்சு சாம்சன் இங்கே, ஜடேஜாவும் சாம் கரணும் அங்கே.

கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். தடையில் போன 2016, 2017 நீங்கலாக 2025 வரை 16 சீசன், 12 பிளேஆஃப், 10 ஃபைனல், 5 கோப்பை. இவ்வளவு காலம் இவ்வளவு குறைவாகப் பழுதான அணி ஐபிஎல்லில் அபூர்வம். அதில் சண்டையே இல்லை. எரிச்சல் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அணியால் வந்ததில்லை, நம்மால் வந்தது: அடுத்து தோனி இறங்குவார் என்று சொந்த ஆள் அவுட்டானால் கைதட்டுவது.

2024 ஏப்ரல் 8, சேப்பாக்கம், கொல்கத்தாவுடன் ஆட்டம். வெற்றிக்கு மூன்று ரன் இருக்கும்போது துபே அவுட். ஜடேஜா மட்டையோடு இறங்குவதுபோல் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி ஓடினார், பின்னாலிருந்து தோனி வந்தார். எழுந்த சத்தத்தில் பவுண்டரி ஓரம் நின்ற கொல்கத்தாவின் ரஸல் காதைப் பொத்திக்கொண்டார். அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் முந்தைய ஆண்டு மே மாதமே அதே ஜடேஜா, தான் வரிசையில் மேலே இறங்கினால் எப்போது அவுட்டாவேன் என்று காத்திருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்த மாதமே, அகமதாபாத் ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டியிருந்தபோது மோகித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். மழை நின்று அது முடிந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. பன்னிரண்டு சீசன் ஆடியவருக்கு நாம் கொடுத்த வரவேற்பு, 'சீக்கிரம் கிளம்பு'!

இந்தக் கைதட்டல் ஆட்டத்தையும் கெடுத்தது. 2025 மார்ச் 28, பெங்களூருவுக்கு எதிராக 197 தேவை. அஸ்வினுக்கும் பிறகு ஒன்பதாவதாக தோனி வருகிறார். கடைசி ஓவரில் க்ருணாலை இரண்டு சிக்ஸர், ஒரு ஃபோர். 16 பந்தில் 30 நாட் அவுட். அரங்கமே குதித்தது, தோல்வி 50 ரன்னில். 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சிஎஸ்கேவை பெங்களூரு ஜெயித்தது அன்றுதான். தோனியின் முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் வெளிப்படையாகவே சொன்னார். நியாயமான காரணம்தான். ஆனால் பத்து ஓவர் நிற்க முடியாதவருக்காக முதல் பத்து ஓவரை வெறும் காத்திருப்பாகப் பார்க்கும் கூட்டம் நாம்.

பழுது மட்டையில்தான். சுழற்பந்து வீச்சாளர் நூர் அகமது 24 விக்கெட் எடுத்த சீசன் அது. ஸ்லோ பிட்சுக்கு சுழலை வாங்கிக் குவித்துவிட்டு, முதல் ஆறு ஓவர் பவர்பிளேயில் அடிக்க ஆள் வைக்கவில்லை. கொல்கத்தாவிடம் 103/9, அவர்கள் 10.1 ஓவரில் முடித்தார்கள். சொந்த மண்ணில் வரிசையாக ஐந்து தோல்வி, 14-இல் 4 வெற்றி, முதன்முறையாகக் கடைசி இடம். பாதி சீசனில் ஆயுஷ் மாத்ரேவும் பிரெவிஸும் வந்த பிறகுதான் வண்டி கிளம்பியது. குஜராத்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 230 அடித்தார்கள். டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா தலைக்கு 14.20 கோடி. இந்தியாவுக்கு ஆடாத பையன்களுக்கு இது அதிகம். ஆனாலும் செய்ய வேண்டிய வேலைதான், மூன்று வருடம் முன்னாலேயே.

புதிதாக அணி தேடுபவருக்கு சிஎஸ்கேவைச் சொல்ல மாட்டேன். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. மாற்றிக்கொள்வேனா என்றால் அதுவும் மாட்டேன். ஜெர்சி வாங்குவதானால் முதுகில் எண் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஜடேஜாவின் 8 போட்டதெல்லாம் இப்போது பைக் துடைக்கத்தான்.