ஜிமேட்டுக்கு வீட்லயே படிக்கிறீங்களா? மாக் ஸ்கோரோட கடைசி நம்பர மொதல்ல பாருங்க

கோச்சிங் போகாம வீட்ல உக்காந்து ஜிமேட்டுக்கு (எம்பிஏ சேர எழுதுற நுழைவுத் தேர்வு) படிக்கிறவங்க இத ஒரு தடவ படிச்சிருங்க. நீளமா போகும், மன்னிச்சிருங்க, ஆத்திரத்துல டைப் பண்றேன். கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல. சொன்னா அத மட்டும் விட்டுட்டு அதே மாதிரி இன்னொன்ன வாங்கிட்டு நிப்பீங்க, ஏன்னா இந்த வேலைய பண்றது ஒருத்தன் மட்டும் இல்ல.

வேலைக்குப் போயிட்டே படிக்கிறதால க்ளாஸ் டைம் எனக்கு ஒத்து வராது, அதனால ஒரு ஆன்லைன் செல்ஃப் ஸ்டடி பேக்கேஜ் வாங்குனேன். வீடியோ, கொஸ்டின் பேங்க், 12 மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு), அது போக ஸ்கோர் கேரண்டி வேற. முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல "புது பேட்டர்னுக்கு முழுசா அப்டேட் பண்ணது"ன்னு போட்டிருந்தான். மாக் ஓப்பன் பண்ணா குவான்ட் (கணக்கு) 21 கேள்வி, வெர்பல் (இங்கிலீஷ்) 23, டேட்டா இன்சைட்ஸ் (டேபிள், சார்ட் மாதிரி தகவல வச்சு கேக்குறது) 20, ஒவ்வொண்ணும் 45 நிமிஷம், எல்லாம் சரியா இருந்துச்சு. வெளிய பெயின்ட் புதுசு, உள்ள செவுரு பழசுன்னு எனக்கு அப்ப தெரியல.

மூணு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன். அதுல பாதி நேரம் இங்கிலீஷ் வாக்கியத்துல தப்பக் கண்டுபிடிக்கிற சென்டன்ஸ் கரெக்‌ஷன். இடியம், பேரலலிசம், மாடிஃபையர்னு ரூல் ரூலா எழுதி ஒரு நோட்டு முழுக்க ரொப்பிட்டேன். குவான்ட்ல வட்டம், முக்கோணம், சிலிண்டர்னு ஒரு பெரிய சாப்டர், அதையும் விடல. மாக் எழுதுனா 690, அப்புறம் 710, அப்புறம் 720. நமக்கு எங்கயோ மச்சம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு எக்ஸாம் டேட் புக் பண்ணிட்டேன்.

ஆபீஸ்ல கூட வேல பாக்குறவன் ஒருத்தன் போன வருஷம் எழுதுனவன், அவன்கிட்ட பெருமையா 720 ஸ்கிரீன்ஷாட்ட காட்டுனேன். ரெண்டு செகண்ட் பாத்துட்டு, "டேய், ஸ்கோர் ஜீரோல முடியுமாடா?"ன்னான். எனக்கு புரியல. "இப்ப இருக்குற எக்ஸாம்ல 205ல இருந்து 805 வரைக்கும், எல்லா ஸ்கோரும் 5லதான்டா முடியும், 720ன்னு ஒரு மார்க்கே கிடையாது"ன்னு சிரிக்கிறான். அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

உண்மை என்னன்னா 2023 நவம்பர்ல ஃபோகஸ் எடிஷன்னு புது ஜிமேட் வந்துச்சு, 2024 ஜனவரியோட பழசு நின்னு போச்சு, இப்ப புதுசத்தான் வெறும் ஜிமேட்டுன்னே சொல்றாங்க. அதுல சென்டன்ஸ் கரெக்‌ஷன் இல்லவே இல்ல. வெர்பல்னா ரீடிங் காம்ப்ரிஹென்‌ஷனும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும் மட்டும்தான். குவான்ட்ல அந்த வட்டம் முக்கோணமெல்லாம் தூக்கிட்டாங்க, கட்டுரை எழுதுற செக்‌ஷனும் போச்சு. நான் ரொப்புன அந்த நோட்டு இருக்கே, அது இல்லாத எக்ஸாமுக்கு எழுதுனது.

இதுல பெரிய அடி டேட்டா இன்சைட்ஸ்லதான். பழைய எக்ஸாம்ல இன்டக்ரேட்டட் ரீசனிங்னு ஒண்ணு இருந்துச்சு, அந்த மார்க் 800ல சேராது, அதனால எல்லாரும் அத ஒப்புக்குச் சப்பாணியாதான் வச்சிருந்தாங்க. இப்ப டேட்டா இன்சைட்ஸ் மொத்த ஸ்கோர்ல சரிசமமா மூணுல ஒரு பங்கு. இந்த மகராசன் அந்தப் பழைய வீடியோ ரெண்டு மணி நேரத்த எடுத்து தலைப்ப மாத்தி ஒட்டிட்டான். குடுத்த தகவல் விடைக்குப் போதுமான்னு கேக்குற டேட்டா சஃபிஷியன்சி முன்னாடி குவான்ட்ல இருந்துச்சு, இப்ப அந்த செக்‌ஷனுக்குள்ள போயிருச்சு, அங்க ஸ்கிரீன்லயே கால்குலேட்டர் உண்டு, கணக்கே இல்லாத கேள்வி கூட வரும். ஆனா வீடியோல இருக்குற சார் "கால்குலேட்டர் கிடையாது, மனசுலயே போடுங்க"ன்னு பழைய குவான்ட் பாடத்த நடத்திட்டு இருக்காரு. பாவம், அவரு வீடியோ எடுத்தப்ப அது சரிதான், அவர தப்பு சொல்ல முடியாது.

என் தப்பும் இருக்கு, ஒத்துக்கிறேன். எக்ஸாம் நடத்துறவங்களோட எம்பிஏ டாட் காம்ல ரெண்டு ஒரிஜினல் மாக் ஃப்ரீயா இருக்கு, மூணு மாசத்துல ஒருநாள் கூட நான் அத தொடல, கடைசில எழுதிக்கலாம்னு பத்திரமா வச்சிருந்தேன். இப்ப உடனே எழுதுனேன். 545. குவான்ட் 81, வெர்பல் 79, டேட்டா இன்சைட்ஸ் 71. பழைய 700க்கு சமமா வர்றது புதுசுல ஏறக்குறைய 645, அப்ப நான் எங்க நிக்கிறேன்னு நீங்களே பாத்துக்கோங்க. ஒரு செக்‌ஷன்ல மூணு பதில் வரைக்கும் திரும்பப் போயி மாத்தலாம்னு ஒரு வசதி இருக்குறதே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும், இவனோட மாக்ல அந்த பட்டனே கிடையாது. ஒரு சந்தேகத்துல அவனோட மாக் 3ஐ ரெண்டாவது தடவ ஓட்டிப் பாத்தேன், குவான்ட்ல அதே 21 கேள்வி அதே வரிசைல வருது. மொத தடவ எல்லாத்துக்கும் சரியா போட்டாலும், ரெண்டாவது தடவ வேணும்னே தப்பா போட்டாலும் அடுத்த கேள்வி மாறவே இல்ல. நெஜ எக்ஸாம் நம்ம பதிலுக்கு ஏத்த மாதிரி கேள்விய மாத்தும், இது வெறும் கேள்வித்தாள்.

சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன். நாலு நாள் கழிச்சு, "கான்செப்ட் எல்லாம் ஒண்ணுதான், சென்டன்ஸ் கரெக்‌ஷன் படிச்சா உங்க ரீடிங் இம்ப்ரூவ் ஆகும்"னு பதில். ரீஃபண்ட் கேட்டா, பத்து சதவீதத்துக்கு மேல வீடியோ பாத்துட்டீங்க, கிடையாதாம். சரி கேரண்டி இருக்கேன்னு கேட்டா, நூறு சதவீதம் வீடியோ முடிச்சிருக்கணும், 12 மாக்கும் எழுதியிருக்கணும், எக்ஸாம ரெண்டு தடவ எழுதிட்டு வரணும், அப்பவும் காசு வராது, வேலிடிட்டி ஆறு மாசம் கூடும். அதாவது அதே குப்பைய இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்.

இதுக்கும் மேல ஒண்ணு பண்ணாங்க பாருங்க, அதுக்காகத்தான் மெயினா இந்தப் பதிவு. நான் சண்ட போட்டதும் சாட்ல ஒருத்தர் வந்து, "சார், கோவப்படாதீங்க, ரீசன்ட்டா எக்ஸாம்ல வந்த கொஸ்டின்ஸ் ஃபைல் ஒண்ணு இருக்கு, உங்களுக்கு மட்டும் ஃப்ரீயா அனுப்புறேன்"ன்னாரு. தொட்டுறாதீங்க. எக்ஸாம் கேள்விய வெளிய விடுறதும் தெரிஞ்சே வாங்கிப் படிக்கிறதும் ஜிமேட் ரூல்படி குத்தம், ஸ்கோரையே கேன்சல் பண்ணுவாங்க. 2008ல இந்த மாதிரி ஒரு சைட் மேல கேஸ் போட்டு ஜெயிச்சு, அத யூஸ் பண்ணவங்க சில பேரோட ஸ்கோர ரத்து பண்ணியே காட்டுனாங்க. நஷ்டத்த கேட்டுப் போனவனுக்கு வினைய கையில குடுத்து அனுப்பப் பாத்தான்.

இப்ப எக்ஸாம் டேட்ட தள்ளி வச்சிருக்கேன், அதுக்கு தனியா ஃபீஸ். எக்ஸாம் தேதி கிட்ட நெருங்க நெருங்க அது ஏறிட்டே போகும், அதனால மாத்துறதா இருந்தா சீக்கிரம் மாத்திருங்க. ஒரிஜினல் மாக் மொத்தம் ஆறு இருக்கு, ஃப்ரீயா கெடைக்கிற ரெண்டுல ஒண்ண படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிருங்க, எதையாச்சும் காசு குடுத்து வாங்குறதுக்கும் முன்னாடி. இப்ப நான் ஒரிஜினல் கேள்விங்கள மட்டும் போடுறேன், தப்பானத ஒரு ஷீட்ல எழுதி ஏன் தப்புன்னு பக்கத்துலயே குறிச்சு வைக்கிறேன். டேட்டா இன்சைட்ஸ் 71ல இருந்து 76க்கு வந்திருக்கு, மெதுவாத்தான், ஆனா இது நெஜம்.

கார்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டு, சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் வரல. இன்னிக்கு காலைல அந்த சைட்டுக்கு சும்மா போயி பாத்தேன். "முழுசா அப்டேட் பண்ணது" போர்டு அப்படியேதான் தொங்குது, அதுக்குக் கீழ ஒரு பையன் கட்டை விரல தூக்கிக் காட்டி சிரிச்சிட்டு நிக்கிறான், பக்கத்துல அவன் வாங்குன புது பேட்டர்ன் ஸ்கோர்னு போட்டிருக்கு, 760.