நாமக்கல் பம்ப் கடை: டீசலைக் கூட்டச் சொன்னேன், குறைத்து அனுப்பினார்கள்

எங்களுடையது பழைய 6 சிலிண்டர் லேலண்ட் லாரி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி லைனில் டீசல் அடிக்கும் இன்லைன் பம்ப். கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது, இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் என்பதை அந்த பம்ப்தான் முடிவு செய்யும். சேலத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு தருமபுரி பக்கம் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியர் தாங்காமல் இரண்டுக்கு இறங்க ஆரம்பித்தது. டிரைவர் அண்ணன் பம்ப் வீக்கு என்றார். சரி என்று வழியில் இருந்த ஒரு கடையில் விட்டேன், அதன் பெயர் இங்கே வேண்டாம். பம்பைக் கழற்றக்கூட இல்லை, வண்டியில் இருந்தபடியே, டீசல் அளவை யாரும் மாற்றாமல் இருக்கப் போட்டிருந்த ஈய சீலை அறுத்து இரண்டு திருகைத் திருப்பிவிட்டு 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் வண்டி பறந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம்தான் தெரிந்தது, சிக்னலில் நின்று எடுக்கும்போதெல்லாம் பின்னால் வருகிற பைக்குக்காரன் முகத்தில் கரி, லிட்டருக்கு 4.2 கொடுத்த வண்டி 3.5, ஒருநாள் ராத்திரி ஏற்றம் முடிந்து பானெட்டைத் திறந்தால் டர்போவின் சூட்டுப் பக்கம் செங்கல் சூளை மாதிரி சிவந்து கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

நாமக்கல்லில் லாரிக்காரர்கள் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். கடைப் பெயரை வேண்டுமென்றே போடவில்லை, ஏற்கெனவே அங்கே வரிசை நிற்கிறது, இன்னும் கூட்டம் சேர்ந்தால் அடுத்த தடவை நான்தான் காத்துக் கிடக்க வேண்டும். பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன், டீசலை சிலிண்டருக்குள் தூவும் நாசில்களையும் சேர்த்து. இன்னும் கொஞ்சம் டீசல் ஏற்றினால் புகை நிற்குமா என்று வெட்கமில்லாமல் கேட்டும் வைத்தேன். கடைக்காரப் பெரியவர் பம்பைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார்.

"புகை எப்பங்க வருது? எடுக்கறப்பவா, ஏத்தத்துலயா?"

இந்த ஒரு கேள்விக்கே ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். வண்டியை எடுக்கும் நேரத்தில் டர்போ இன்னும் சுற்றி வேகம் பிடித்திருக்காது, உள்ளே காற்று குறைவு. அந்த நேரத்தில் டீசலைக் குறைத்துப் பிடித்துக்கொள்ளத்தான் பம்ப் தலையில் டயாபிரம் என்கிற ரப்பர் சவ்வு இருக்கிறது. இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிபோல்டிலிருந்து ஒரு சன்னமான குழாய் வழியாக டர்போ காற்று வந்து அதை அழுத்த அழுத்த, ராக் என்கிற டீசல் அளவுக் கம்பி நகர்ந்து டீசல் கூடும். டயாபிரம் கிழிந்தால் காற்று எவ்வளவு வந்தாலும் பம்புக்குத் தெரியாது, ஏற்றத்திலும் அரை வயிறுதான் ஊட்டும். எங்கள் வண்டிக்கு நடந்தது அதுதான். முதல் கடைக்காரர் கிழிசலைப் பார்க்காமல், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு டீசல் போகிற மாதிரி திருகிவிட்டிருக்கிறார்.

டெஸ்ட் பெஞ்ச் கண்ணாடி போட்ட தனி அறையில் இருக்கிறது, தூசி இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓட்டுவது டீசலில் இல்லை, அதற்கென்று தனி எண்ணெய், அதைச் சூடேற்றி 40 டிகிரி வந்த பிறகுதான் அளக்கிறார்கள். பம்ப் 1000 தடவை அடிக்கும்போது ஒவ்வொரு லைனிலும் எத்தனை சிசி விழுகிறது என்று ஆறு கண்ணாடிக் குழாயில் வரிசையாகத் தெரியும். எங்களுடையதில் நான்காவது குழாய் நிரம்பி நிற்க, இரண்டாவது அதில் முக்கால்கூட இல்லை. அதாவது ஒரு சிலிண்டர் தின்று கொழுக்கிறது, இன்னொன்று பட்டினி. பிறகு டயாபிரத்துக்குக் காற்று கொடுத்தார், கேஜ் முள் நிற்காமல் இறங்கிவிட்டது. திறந்து காட்டினார், நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். இத்தனை நாள் என் டீசல் காசைத் தின்றது இதுதானா என்று ஆகிவிட்டது.

"டீசலைக் கொட்டுனா வண்டி இழுக்காதுங்க தம்பி, காத்தும் வேணுமுங்க."

பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் எலிமென்ட் இரண்டு, டயாபிரம், டெலிவரி வால்வு வாஷர்கள் எல்லாம் மாற்றி, பம்ப் பிளேட்டில் உள்ள நம்பருக்கான கம்பெனி டெஸ்ட் ஷீட்டைப் பார்த்து டீசல் அளவைப் பழையபடி இறக்கினார்கள். இரண்டு நாசில் தூவாமல் சொட்டிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினார்கள். மொத்தம் 17,500 ரூபாய். பம்பை மாட்ட அவர்கள் ஆளே வந்து பம்ப் டீசல் அடிக்கத் தொடங்கும் நேரத்தை, அதாவது ஸ்பில் டைமிங்கை, வைத்துக் கொடுத்தார். போகிற போக்கில் டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸைத் தடவிப் பார்த்து, கிளிப் லூஸ், காற்று கசிகிறது என்று இறுக்கிவிட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நாளைக்கு என்று சொன்னது மூன்றாம் நாள்தான் கைக்கு வந்தது, போனை எடுக்க மாட்டார்கள், உட்கார ஒரு பெஞ்சு கிடையாது, நானாகக் கேட்ட பிறகுதான் பில் எழுதினார்கள், பழைய எலிமென்ட்டைக் காட்டியதும் கேட்ட பிறகுதான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிக்காரர்கள் இங்கே போக வேண்டாம், இது இன்லைன் பம்ப் கடை, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரயில் வேலை எடுப்பதில்லை.

மாட்டி இரண்டு மாதம் ஆகிறது. புகை இல்லை, மைலேஜ் 4.3. முதல் கடை திருகிய அன்று இருந்த அந்த முரட்டு இழுவை இப்போது கிடையாது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தொப்பூரில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது, எனக்கு அது போதும். டிரைவர் அண்ணனுக்கு மட்டும் இன்னும் மனசு கேட்கவில்லை, "ஒரு கால் திருப்பு திருப்பினா என்ன தம்பி" என்கிறார். பெரியவர் புது சீல் கம்பியை முறுக்கிவிட்டு, இது அறுந்திருந்தால் பம்பை இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். வண்டி ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் நான் முதலில் அந்தக் கம்பியைத்தான் பார்க்கிறேன்.